லயத்துக் காம்பராவுக்கு வைஃபை: இரண்டாவது பெட்டி வாங்கும் முன்

(தோட்ட வாசிகசாலையில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரிப் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

கொழுந்து நிறுத்த கையோடு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிற அம்மாமார்களுக்கு முதலில் எங்கள் நன்றி.

போன கூட்டத்தில் ஊழியர் சேமலாப நிதிப் படிவங்களைப் பற்றிப் பேசினோம். அப்போது பின்னால் நின்ற உயர்தரப் பிள்ளைகள், "அடுத்த தடவை ரவுட்டரைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். நலன்புரி ஆபிசுக்கும் ரவுட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 2020இலும் 2021இலும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நாட்களில் நம்ம பிள்ளைகள் வீட்டுக்கு ஒரே போனைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்கும் பாறைக்கும் அலைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சேர் அனுப்பும் வினாத்தாள், டியூட்டரி வீடியோ, பரீட்சை முடிவு, எல்லாம் போனில்தான். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன தாய், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அது காசு. தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபா என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானி வந்தது. ஒரு பெட்டி வாங்க எத்தனை பேர் போட வேண்டும், அரைப்பேர் விழுந்தால் எத்தனை நாள் கூடும் என்று நாங்கள் கணக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி வாங்கிய பெட்டி வேலை செய்யவில்லை என்று இரண்டாவது பெட்டி, அதுவும் சரிவரவில்லை என்று மூன்றாவது. கடனைப் பற்றிப் பேச எங்கள் ஆபிசுக்கு வருகிறவர்களில் சிலர் இப்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆகவே இன்று நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். இரண்டாவது பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன், முதல் பெட்டியை அதற்குரிய இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இதை விளங்கிக்கொள்ள நம்ம பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மலையில் ஊற்று இருக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் பீலிக்கு வருகிறது. பீலியில் குடத்தைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போகிறோம். கம்பெனியின் டவர்தான் ஊற்று. ரவுட்டர் பீலி. உங்கள் கைப்போன் குடம். ரவுட்டருக்கும் போனுக்கும் இடையில் ஓடுவது மட்டும்தான் வைஃபை. டவருக்கும் ரவுட்டருக்கும் இடையில் ஓடுவது வேறு, அது 4ஜி. போனின் மேல் மூலையில் விசிறி விரித்த மாதிரி ஓர் அடையாளம் தெரியும். அது முழுசாக இருந்தால் பீலிக்கும் குடத்துக்கும் இடையில் தடையில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஊற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அது சொல்லாது. "கோடெல்லாம் நிக்குது, ஆனா படம் சுத்திக்கிட்டே இருக்கு" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். ஊற்று வற்றிக் கிடக்கும்போது பத்து பீலி கட்டினாலும் குடம் நிறையாது.

டவுனில் பைபர் கம்பி இழுத்துக் கொடுக்கிறார்கள். அது கிடைக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு ஊற்றுப் பிரச்சினை அநேகமாக இல்லை. மலைமேல் லயங்களில் பெரும்பாலும் சிம் போடும் பெட்டிதான், ஆகவே அதைப் பற்றியே அதிகம் பேசுவோம்.

பெட்டி வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலைக்குக் காசு தேவையில்லை. கம்பெனிக்கு ஒரு சிம் என்று அயலவர்களிடம் இரவல் கேட்டு, ஒரே போனில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இஸ்தோப்பு, முன் காம்பரா, ஜன்னலோரம், குசினி, லயத்தின் பின்பக்கம் என்று ஒவ்வோர் இடமாக நின்று ஒரு வீடியோவை ஓட விடுங்கள். பகலில் பார்த்தது போதாது. இரவு ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் இன்னொரு முறை பாருங்கள், அப்போதுதான் எல்லோரும் ஒரே டவரில் தொங்குவார்கள். மேட்டு லயத்தில் நன்றாக எடுக்கிற கம்பெனி பணிய லயத்தில் எடுக்காமல் போகலாம். நடுவில் ஒரு முகடு வந்தால் போதும். "ஹட்டனில இருக்கிற மச்சான் வீட்டில நல்லா எடுக்குது" என்பது உங்கள் லயத்துக்குச் சாட்சி ஆகாது. கம்பெனிகள் விற்கும் பெட்டி பெரும்பாலும் மற்றக் கம்பெனியின் சிம்மை ஏற்காது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். தெரியாமல் ஒன்றை வாங்கிவிட்டால் அந்தக் கம்பெனியோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான்.

இப்போது ஒரு வீட்டில் நாங்கள் நேரில் பார்த்ததைச் சொல்கிறோம். எந்தப் பிரிவு, யார் வீடு என்பது வேண்டாம். மகள் உயர்தரம் படிக்கிறாள், கலைப்பிரிவு. அம்மா கொழுந்தெடுக்கிறார். தவணைக்கு ஒரு ரவுட்டர் எடுத்தார்கள். படம் ஓடவில்லை. விற்ற கடைக்காரர், "சிக்னல் பத்தாது, இந்த ரிப்பீட்டரையும் போடுங்க" என்று இன்னொரு பெட்டியைக் கொடுத்தார். அதுவும் ஓடவில்லை. அம்மா எங்களிடம் வந்து கேட்ட கேள்வி, "இத திருப்பிக் குடுத்தா காசு குடுப்பாங்களா?" என்பதுதான். மகளோ பரீட்சை நெருங்கும் நேரத்தில் சித்தி வீட்டில் போய்த் தங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

போய்ப் பார்த்தோம். ரவுட்டர் உள் காம்பராவில், கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால், டிவிக்குக் கீழே இருந்தது. "தூசி படாம, பத்திரமா இருக்கட்டும்" என்று அங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தடித்த கல் சுவர். இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்து இன்னொரு காம்பரா ஆக்கியிருக்கிறார்கள். மேலேயும் தகரம். டவர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர் மலையில். அதாவது டவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர். உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். கல்லும் செங்கல்லும் கொஞ்சமாவது விடும், தகரம் விடாது. அலுமாரியின் கண்ணாடி வேறு, அதன் பின்பக்கம் பூசியிருப்பதும் உலோகம்தான்.

பெட்டிக்குள்ளே ஒரு பக்கம் இருக்கிறது. போனில் பிரவுசரைத் திறந்து 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் வரும். எது என்று பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் காட்டும். அது டவரிலிருந்து வரும் பலம். கழித்தல் குறியோடு இருக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் நல்லது. கழித்தல் 80, 90 என்றால் சந்தோசம். 100 பரவாயில்லை. 110ஐத் தாண்டினால் இழுபறிதான். அந்த வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் கழித்தல் 113 காட்டியது. பெட்டியைத் தூக்கி, பள்ளத்தைப் பார்த்த மர ஜன்னலின் மேல் தட்டில் வைத்தோம். கழித்தல் 97. வேறு எதுவும் செய்யவில்லை. வீடியோ நிற்காமல் ஓடியது.

பெரியவர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. ரூபவாஹினி 1982இல் தொடங்கியபின் நம்ம லயங்களுக்கு டிவி வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மூங்கிலில் அன்டெனாவைக் கட்டி ஒருவர் கூரையில் நின்று திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் "போச்சு, போச்சு... ஆ, வந்திருச்சு!" என்று கத்துவார். அதே வேலைதான். இப்போது கத்துவதற்குப் பதிலாக எண்ணைப் பார்க்கிறோம். ஓரிடத்தில் வைத்து ஒரு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு அடுத்த இடத்துக்குப் போங்கள். இரண்டு அடி நகர்த்தினாலும் மாறும்.

ஆகவே பெட்டி இருக்க வேண்டிய இடம் டவர் பக்கத்து ஜன்னலோரம், ஆள் உயரத்துக்கு மேல், சுற்றிலும் உலோகம் இல்லாமல். சாமித்தட்டு உயரம் சரியாக இருக்கும், ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம். விறகு அடுப்புக்கு மேலேயும் வேண்டாம், புகைக்கரி காற்றுத் துவாரங்களை அடைத்துவிடும். ஜன்னலால் சாரல் அடிக்கும் வீடுகளில் ஒரு அடி உள்ளே தள்ளி வையுங்கள். துணி போட்டு மூடாதீர்கள், பெட்டி சூடாகும். சில பெட்டிகளில் வெளி அன்டெனா பொருத்தத் துவாரம் இருக்கிறது. எங்கே வைத்தாலும் எண் 110க்குக் கீழேதான் நிற்கிறது என்றால், அந்த அன்டெனாவைக் கூரைக்கு மேல் ஏற்றுவது பயன் தரும். ஆனால் கடைகளில் சிக்னல் பூஸ்டர் என்று ஒன்றைக் காட்டுவார்கள், டவரின் அலையையே பிடித்துப் பெருக்கி வீசுகிற சாமான். அதை அனுமதியில்லாமல் வைக்கக் கூடாது, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. அது சுற்றுவட்டாரத்தில் மற்றவர்களின் போன்களையும் குழப்பிவிடும்.

பெட்டியை முதல் தடவை மூட்டுவது சுலபம். சிம்மைப் போட்டு, கரண்டு கொடுத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அடிச்சீட்டில் உள்ள பெயரும் பாஸ்வேர்டும் போனில் கொடுத்தால் இணைந்துவிடும். பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, பெட்டியின் உள்பக்கத்துக்குப் போகிற பாஸ்வேர்டு. பழைய பெட்டிகளில் அது எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கும், தெரிந்தவன் எவனும் உள்ளே போய்விடலாம். அதை மாற்றுங்கள். இரண்டு, வைஃபை பாஸ்வேர்டு. பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள். அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், பிள்ளையின் பிறந்த நாள் வேண்டாம். உங்களுக்கு மட்டும் ஞாபகம் நிற்கிற இரண்டு மூன்று தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் எண் போட்டால் போதும். பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்க வேண்டும். டபிள்யூபிஎஸ் என்ற ஒன்றை அணைத்துவிடுங்கள்.

அதே பக்கத்தில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை காட்டும். 5 வேகம், ஆனால் சுவரைத் தாண்டச் சோம்பல். 2.4 மெதுவாக ஓடும், ஆனால் தூரம் போகும். பெட்டி இருக்கிற காம்பராவில் 5, சுவருக்கு அப்பால் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் ஏழெட்டு வீட்டில் பெட்டி இருந்தால், பெரட்டுக்களத்தில் எல்லோரும் ஒன்றாகக் கத்துகிற மாதிரி ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. 2.4இல் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது 1, 6, 11 என்ற மூன்று சனல்கள்தான். பக்கத்து வீடு 1இல் இருந்தால் நீங்கள் 6 எடுங்கள், அடுத்தவர் 11. இதைப் பேசி முடிவெடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பேசுவார் யார்?

சரி, பெட்டி சரியான இடத்துக்கு வந்துவிட்டது, முன் காம்பராவில் நன்றாக ஓடுகிறது. குசினிப் பக்கத்திலோ, அண்ணன் குடும்பம் இருக்கிற அடுத்த காம்பராவிலோ எடுக்கவில்லை. அப்போதுதான் இரண்டாவது சாமானைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே நாங்கள் பக்கச்சார்பாகவே பேசுகிறோம். கேபிள்தான் நல்லது. வயர் இல்லாமல் ஓடுகிற சாமானைப் பற்றிப் பேச வந்துவிட்டு வயரைப் புகழ்கிறார்களே என்று சிரிக்கலாம். சிரித்தாலும் பரவாயில்லை. இந்தக் கேபிள் 100 மீற்றர் வரை, கிட்டத்தட்ட 328 அடி, வேகம் குறையாமல் கொண்டுபோகும். நம்ம லயத்தின் ஒரு வீட்டுக்குள் 30, 40 அடி போதும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளும் இருக்கிறது, மடிக்க மடிக்க உள்ளே முறிந்துவிடும்.

மறுமுனைக்குப் புதுப் பெட்டி தேவையில்லை. பழைய ரவுட்டர் யாரிடமாவது சும்மா கிடக்கும். அதில் அக்சஸ் பொயின்ட் என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் மூன்று மாற்றம் செய்ய வேண்டும். அதன் விலாசத்தை, முதல் பெட்டி 192.168.8.1 என்றால், 192.168.8.2 என்று மாற்றுங்கள். டிஎச்சிபி என்பதை அணையுங்கள். கேபிளின் இரண்டு முனையையும் லேன் என்று எழுதிய துவாரங்களில் செருகுங்கள், வேன் என்ற துவாரத்தில் அல்ல. பெயரும் பாஸ்வேர்டும் முதல் பெட்டியைப் போலவே கொடுத்தால், பிள்ளை போனோடு குசினிக்கு நடந்து போகும்போது போன் தானே பெட்டி மாறிக்கொள்ளும்.

இந்த டிஎச்சிபி என்ன என்று தம்பி ஒருவர் கேட்கிறார். பெட்டிக்குள் ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் கொடுத்துப் பதிகிறவர். ஒரே மலையில் இரண்டு கணக்கப்பிள்ளைகள், ஒருவருக்கொருவர் பேசாமல், தனித்தனிச் செக்றோலில் பெயர் பதிந்தால் சம்பள நாளில் என்ன நடக்கும்? அதுதான் இங்கேயும் நடக்கும். ஆகவே ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

ரிப்பீட்டர் கேபிள் இல்லாமல் வேலை செய்யும், அது உண்மை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மலையடியில் நிற்கிற கங்காணியின் சத்தம் மேலே கொழுந்தெடுக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை. நடுவில் ஒருவரை நிறுத்துகிறோம், அவர் கேட்டுத் திருப்பிக் கத்துகிறார். அவரைக் கொண்டுபோய்ச் சத்தமே கேட்காத உச்சியில் நிறுத்தினால் அவர் எதைத் திருப்பிக் கத்துவார்? எடுக்காத காம்பராவில் ரிப்பீட்டரைச் செருகுவது அப்படித்தான். நாங்கள் சொன்ன அந்த வீட்டில், குசினியில் அதைத்தான் செய்திருந்தார்கள். ரிப்பீட்டர் இருக்க வேண்டியது பாதி வழியில், முதல் பெட்டியின் சிக்னல் இன்னும் இரண்டு மூன்று கோடு காட்டுகிற இடத்தில். இடத்தைச் சரியாகப் பிடித்தாலும், ஒரே அலைவரிசையில் ஓடும் மலிவு ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும், ஏனென்றால் கேட்கும் நேரத்தில் அதனால் பேச முடியாது. மெஷ் என்று ஜோடியாக விற்பவை இதைவிடத் திறமானவை. விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு காம்பரா வீட்டுக்கு அது அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

அந்த வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்றை லயத்துத் தம்பி ஒருவர் கொடுத்தார். கூரை மரத்தோடு கேபிளை இழுத்துப் பின் காம்பராவில் வைத்தோம். மகள் இப்போது அங்கே இருந்துதான் படிக்கிறாள், முன்னால் டிவி ஓடினாலும் தொந்தரவு இல்லை. ரிப்பீட்டரைக் கடை திருப்பி எடுக்கவில்லை. அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, தவணை இன்னும் முடியவில்லை.

இப்போது ஆபத்தான விடயம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னலோடு மழை வருவது மலைநாட்டில் யாவரும் அறிந்ததே. அந்த மாதங்களில் வானம் கறுத்தால், இடி கிட்ட வரும் முன்பே, ரவுட்டரின் கரண்டையும் கழற்றுங்கள், கேபிளையும் கழற்றுங்கள். கரண்டை மட்டும் கழற்றிவிட்டுக் கேபிளை விட்டால் பாதி வேலைதான். மின்னல் வந்து இறங்கும்போது கழற்றப் போகாதீர்கள், பெட்டி போனால் போகட்டும். ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்கவே கூடாது. அது மின்னலுக்கு நாமே வழி போட்டுக் கொடுப்பதாகும். தம்பிமார் சிலர் மரத்துக்கு மரம் கட்டி இழுத்திருப்பதைப் பார்த்தோம். தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள். இரண்டு லயத்தை இணைக்கத்தான் வேண்டும் என்றால், ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வெளியில் பொருத்தும் வயர்லஸ் ஜோடி இருக்கிறது, அல்லது பைபர் கேபிள் இருக்கிறது. இரண்டிலும் செம்பு ஒரு லயத்திலிருந்து மற்றதற்குப் போகாது.

லயத்து வயரிங் நிலைமை உங்களுக்குத் தெரியும். பல்பு ஹோல்டரில் பிளக் மாட்டி, அதிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று தொங்கவிடாதீர்கள். ரவுட்டர் எடுக்கும் கரண்டு கொஞ்சம்தான். 12 வோல்ட், 1 அம்பியர் என்று எழுதியிருந்தால் உச்சமாக 12 வாட். மாதம் முழுக்க இரவு பகல் ஓடினாலும் 9 யுனிட்டைத் தாண்டாது, உண்மையில் அதைவிடக் குறையும். இரவில் படுக்கும்போது அணைத்தால் இன்னும் குறையும். அடப்டர் பழுதானால் வேறொன்றைப் பொருத்தும் முன் வோல்ட்டைப் பாருங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தால் பெட்டி கருகலாம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது சிலர் ரவுட்டருக்கென்று சின்ன பட்டரி யுபிஎஸ் வாங்கினார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது வீண் செலவு அல்ல.

டேட்டாவைப் பற்றியும் கொஞ்சம். "போட்ட டேட்டா பத்து நாளில முடிஞ்சிருச்சு, கம்பெனிக்காரன் களவெடுத்துட்டான்" என்று வருகிறவர்கள் அநேகம். பெரும்பாலும் களவு வீட்டுக்குள்ளேதான். வீடியோவை 480இல் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய அரை ஜிபி போகும். 1080இல் பார்த்தால் அதைப்போல மூன்று நாலு மடங்கு. போன் திரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. போன் சிம்மில் இருக்கும்போது தானே குறைத்துக் காட்டுகிற படம், வைஃபை கிடைத்ததும் தரத்தைக் கூட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வரும் எல்லாக் குட்மோர்னிங் படமும் வீடியோவும் தானாக இறங்காதபடி நிறுத்தி வையுங்கள். அப்டேட் எல்லாம் இரவு டேட்டாவில் இறங்கட்டும்.

அடுத்தது கூட்டுச் சேர்வது. மூன்று வீடு சேர்ந்து ஒரு பக்கேஜ் போடுவது நல்ல யோசனை, நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் சண்டையும் அங்கேதான் வருகிறது. சிம் யார் பெயரில் இருக்கிறதோ, அதன் வழியாக நடப்பதற்கு முதலில் அவரைத்தான் கேட்பார்கள். ஆகவே வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாஸ்வேர்டு கொடுக்க முடியாது. பெட்டியில் கெஸ்ட் என்ற ஒன்று இருக்கிறது. கூட்டுக்காரருக்கும் உறவுக்காரருக்கும் அந்தப் பெயரைக் கொடுங்கள், வீட்டுப் பாஸ்வேர்டை வெளியே விட வேண்டியதில்லை. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு, அதற்குப் பிறகு நாடகம் பார்ப்போருக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மாதக் காசு யார், எந்தத் தேதியில் கொடுப்பது, ஒருவர் ஒரு மாதம் கொடுக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் ஒரு தாளில் எழுதி மூன்று வீட்டாரும் கையெழுத்துப் போடுங்கள். சின்ன விடயத்துக்கு எழுத்தா என்று கேட்காதீர்கள். பாஸ்வேர்டை மாற்றியதற்காக ஒரு லயத்தில் இரண்டு குடும்பம் கல்யாண வீட்டுக்குப் போகாமல் விட்ட கதை எங்களிடம் இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தைக் காட்டி மிரட்டுவது, முகம் தெரியாதவன் பேசிப் பழகுவது எல்லாம் நம்ம தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளை வந்து சொன்னால் முதலில் அடிக்காதீர்கள், போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். அந்தச் செய்திகள்தான் சாட்சி. 1929க்கு அழையுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். எங்களிடமும் வரலாம். வெளியே போகாது.

கேள்விகள் இருந்தன. பாட்டி ஒருவர், "இந்தப் பெட்டி தொட்டில் பக்கத்தில இருந்தா பச்சப் புள்ளைக்கு ஆகாதாமே?" என்று கேட்டார். வைஃபையின் அலை மிகவும் வலுக்குறைந்தது. இப்படியான வலுக்குறைந்த அலையால் உடம்புக்குக் கேடு வருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குறிப்பில் சொல்லியிருக்கிறது. எப்படியும் பெட்டி ஜன்னலோரம் உயரத்தில் இருக்க வேண்டியது, தொட்டில் பக்கத்தில் அதற்கு வேலையில்லை. தொட்டில் பக்கத்தில் பயப்பட வேண்டியது தொங்குகிற வயர்.

இன்னொரு தம்பி, பழைய போனையே ரவுட்டராகப் பாவிக்க முடியுமா என்றார். முடியும். ஹொட்ஸ்பொட் போட்டு, எண் நன்றாகக் காட்டுகிற ஜன்னலில் வைத்தால் இரண்டு மூன்று பேர் படிக்கப் போதும். போன் சூடாகும், பட்டரி சீக்கிரம் கெடும், தலையணைக்கு அடியில் வைக்கக் கூடாது. புதுப் பெட்டிக்குக் காசு சேரும்வரை அதுவே நல்ல வழி. கடனுக்கு எடுப்பதைவிட நிச்சயமாக நல்லது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே வாசிகசாலையில், கேபிள் முனையில் கிளிப் அடிப்பதையும் பழைய ரவுட்டரை மாற்றி அமைப்பதையும் செய்து காட்டுவோம். சும்மா கிடக்கும் ரவுட்டர் வீட்டில் இருந்தால் அடப்டரோடு கொண்டு வாங்க. அடிச்சீட்டு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதில்தான் பாஸ்வேர்டு இருக்கிறது.